ஓட்டை நாம் உரிக்கலாமா?

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



குழுக்கடனில் இன்குபேட்டர் வாங்கியவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அக்கா, 21-ஆம் நாள் ஆச்சு. குஞ்சு ஓட்டைக் கொத்திடுச்சு, உள்ளேயிருந்து கத்துது, ஆனா வெளியே வரமாட்டேங்குது. நாமளே உரிச்சு விடலாமா?"

உடனே உரிக்காதீங்க. குஞ்சு முதலில் முட்டையின் அகலமான பக்கத்தில் உள்ள காற்றறைக்குள் மூக்கை விட்டு மூச்சு விடப் பழகுகிறது. பிறகுதான் ஓட்டில் சிறு ஓட்டை விழும். அதிலிருந்து 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். பார்த்தால் சும்மா படுத்திருப்பது போலத்தான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மீதி மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. (அந்த மஞ்சள் கருதான் இரண்டு, மூன்று நாள் சாப்பாடு. ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வெளியூருக்கு அனுப்புவது இந்த தைரியத்தில்தான்.) இதற்கு நடுவே உரித்தால் ரத்தக்குழாய் அறுந்து குஞ்சு செத்துப்போகும். பிரசவ வலி எடுத்தவளை அவசரப்படுத்தாதேன்னு சொல்ற நாமதான் இதில் அவசரப்படுகிறோம்!

இன்னொன்று, மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது. 18-ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, தட்டில் தண்ணீர் ஊற்றி, ஈரப்பதத்தை 65-70 சதவீதத்துக்குக் கொண்டு வந்திருப்போம். திறக்கும்போதெல்லாம் அந்த ஈரம் போய்விடும். சவ்வு காகிதம் போலக் காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். அப்புறம் அதுவாக வர நினைத்தாலும் முடியாது. கண்ணாடி வழியாகப் பாருங்க. ஓட்டை விழுந்த நேரத்தை நோட்டில் எழுதுங்க.

24 மணி நேரம் தாண்டியும் விரிசல் பெரிதாகவில்லை, சத்தம் குறைகிறது, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருக்கிறது என்றால் மட்டும் கை வைக்கலாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து சவ்வை ஈரமாக்குங்க. மூக்குத் துவாரத்தில் தண்ணீர் போகக்கூடாது. ஓட்டையைச் சுற்றி ஓட்டைத் துளித் துளியாக எடுங்க. சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரிந்தாலோ, ஒரு சொட்டு ரத்தம் வந்தாலோ நிறுத்திவிட்டு முட்டையை உள்ளே வைத்துவிடுங்க. சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். மேல் மூடி போல ஓடு கழன்றதும், காலை உதைத்து அதுவே வெளியே வரட்டும். தொப்புளில் ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கை கொடுத்த குஞ்செல்லாம் பிழைக்காது, அதையும் சொல்லிவிடுகிறோம். பிழைத்தாலும் அதைத் தாய்க்கோழியாக வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஒவ்வொரு முறையும் பல முட்டைகள் இப்படி நின்றால் குறை மெஷினில்தான். காற்றாடி உள்ள மெஷினில் சூடு 37.5 டிகிரி இருக்கிறதா, தண்ணீர்த் தட்டு காய்கிறதா, கரண்ட் எத்தனை மணி நேரம் போனது என்று பாருங்க. சூடு குறைந்திருந்தால் 22, 23-ஆம் நாள்கூடப் பொரிக்கும். 21 முடிந்ததென்று முட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. கடன் தவணை அந்த முட்டைக்குள்ளேதான் இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.