தீவகத்து மாணவரும் மனிதத் தேவைகளும்



குறிகட்டுவான் இறங்குதுறையிலே ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதன்று. நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிலே வந்த படகு கரையை அணைகின்றது. இறங்குவோருள் ஒரு பெண்பிள்ளை. கையிலே ஒரு பெட்டி, ஒரு பையிலே பனாட்டும் ஒடியல் மாவும். இனிப் புங்குடுதீவும் வேலணையும் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாண நகர் சேர்ந்து, திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் செல்லவேண்டும். இவள் என் கற்பனைப் பிள்ளைதான். ஆயினும் இவளைப் போன்றோர் பலர் அத்துறையில் இறங்கியிருக்கின்றனர்.

இப்பிள்ளைக்கு வேண்டுவன யாவை? அமெரிக்க உளநூலறிஞர் ஏபிரகாம் மாஸ்லோ 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிலே மனிதத் தேவைகளை ஐந்தாக வகுத்தார். உடலின் தேவை, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன்னுள் உறையும் ஆற்றல் முழுதும் மலர்தல் என்பன அவை. பாடநூல்கள் இவற்றைக் கூர்நுனிக் கோபுரமாக வரைந்து காட்டும். அக்கோபுரம் மாஸ்லோ வரைந்ததன்று, பின்வந்தோர் வரைந்தது. இவ்வரிசை இறுக்கமானதன்று என்று அவரே அக்கட்டுரையில் எழுதியுள்ளார்.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தீவகத்துப் பிள்ளை படி படியாக ஏறுவதில்லை. 1981இல் தொடங்கப்பெற்ற மகாபொல உதவிப்பணம் கைக்கு வந்ததும் ஒரு பங்கைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, இரவிலே வெறும் தேநீரோடு படுப்பவளுக்குப் பசியினும் உறவு முந்தியது. இதையறியாத ஆசிரியர், வகுப்பிலே கண்ணயரும் அவளைச் சோம்பேறி என்று எண்ணிவிடுகின்றார்.

பாதுகாப்பும் அவ்வாறே. சோளகம் மும்முரமாக வீசும் நாளில் படகு ஓடாது; தாய்க்கு வருத்தம் என்று செய்தி வந்தாலும் போக வழியில்லை. கடலிலே காற்று மட்டுமா உண்டு? 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் குமுதினிப் படகிலே பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். இன்று படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆயினும் நெடுந்தீவு வீடுகளில் அந்நாள் மறக்கப்படவில்லை.

உறவைத் தேடும் மனத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். புதிய இடத்திலே தனித்து நிற்பவர், யாரேனும் தம்மைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்களா என்று ஏங்குவர். பகிடிவதை செய்வோர் இந்த ஏக்கத்தையே பிடித்துக்கொள்கின்றனர். “இதைப் பொறுத்துக்கொள், எங்களில் ஒருத்தி ஆவாய்” என்பது அவர்களுடைய பேரம். உறவு என்று சொல்லிப் பாதுகாப்பையும் மதிப்பையும் பறித்துக்கொள்ளும் பேரம் அது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் தண்டிக்கலாம், தோழமை தரமாட்டாது. அதனைத் தரவேண்டியவர் முந்திய ஆண்டு அதே படகில் வந்த அக்காவும் அண்ணனுமே. எந்த அறையில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்தக் கடையில் மலிவாகச் சோறு கிடைக்கும் என்று முதல் வாரத்திலே அவர்கள் காட்டிக்கொடுத்தால், ஏக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

உதவி செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். பலர் முன்னிலையில் பெயர் கூப்பிட்டு உணவுச்சீட்டுக் கொடுத்தால் பசி ஆறும், முகம் வாடும். ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ வீட்டுக்கு வந்தவரை உண்ணாமல் அனுப்பாத குடும்பத்துப் பிள்ளை, கைநீட்டி நிற்கக் கூசுவது இயல்பே. டெசி, றையன் என்னும் பிற்கால உளநூலார் இருவர், தன் விருப்பின்படி தெரிந்துகொள்ளும் உரிமையையும் தேவைகளுள் ஒன்றாக வைத்தனர். உதவி பெறுபவரிடம், எது வேண்டும், எப்படி வேண்டும் என்று தனியே கேட்பதற்கு அதிகச் செலவில்லை.

இன்னுமொன்று. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தேர்வு வைப்போர், அன்று நெடுந்தீவுப் படகு எத்தனை மணிக்குக் கரைசேரும் என்று ஒருமுறை கேட்டறிந்துகொள்வார்களாக.