மாஸ்க் கட்டாயம் இல்லை என்றான பிறகு

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றிப் பேச எவ்வளவோ இருக்கும்போது மாஸ்க்கைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறார்களே என்று நீங்கள் நினைக்கலாம். கொவிட்தான் போய்விட்டதே, இனி எதற்கு இந்தக் கதை என்றும் கேட்கலாம். தோட்டக் கமிட்டிகளிலிருந்து இந்த வருஷம் வந்த முறைப்பாடுகள்தான் எங்களைப் பேச வைக்கின்றன. ஒன்று, இன்னும் மாஸ்க் போடுகிறவர்களை மற்றவர்கள் கேலி செய்கிறார்கள், ஒதுக்குகிறார்கள் என்பது. இன்னொன்று, ஸ்டோரில் தேயிலை சலிக்கிற இடத்தில் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்து வந்த மாஸ்க்கை "சட்டம்தான் எடுபட்டுவிட்டதே" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள் என்பது. முதலாவது நமக்குள் இருக்கிற விஷயம், இரண்டாவது நிர்வாகத்தோடு இருக்கிற விஷயம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கொழும்பில் கடை, கந்தோர், பாடசாலை எல்லாவற்றுக்கும் பூட்டு விழுந்தது. தேயிலை மலைக்கு மட்டும் பூட்டு இல்லை. விடிந்தால் பெரட்டுக்களம், பிறகு மலை, பிறகு மடுவம் என்று நமது பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது யாரும் நமக்கு மாஸ்க் கொண்டுவந்து தரவில்லை. பழைய சேலையைக் கிழித்துத் தைத்துக் கட்டிக்கொண்டோம். ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெடித்த பிறகுதான் மாஸ்க் சட்டமாக வந்தது. பொது இடத்தில் மாஸ்க் போட வேண்டும், ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும், மீறினால் 10,000 ரூபா வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அன்றைக்கு நமது அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 700 ரூபா. அந்த அபராதம் பதினான்கு நாள் பேருக்கும் மேலே.

ஆகவே நாம் மாஸ்க் போட்டோம். நோய்க்குப் பயந்து போட்டதும் உண்டு, பொலிசுக்குப் பயந்து போட்டதும் உண்டு. இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை, நாடு முழுக்க அப்படித்தான் இருந்தது. டவுனுக்குப் போகிற பஸ்சில் ஏறும்போது மேலே ஏறும், இறங்கினால் நாடிக்குக் கீழே போகும். மலையில் கொழுந்து எடுக்கும்போது மாஸ்க் போட்டவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. செங்குத்தான மலையில் முதுகில் கூடையோடு ஏறும்போதே மூச்சு வாங்கும். மழையிலும் மூடுபனியிலும் துணி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும் போல இருக்கும். பெரியவர்கள் யாராவது பார்வையிட வந்தால் "மாஸ்க்கைப் போடு, மாஸ்க்கைப் போடு" என்று கங்காணி சத்தம் போடுவார். அவர்கள் போனதும் சத்தமும் போய்விடும்.

இதில் ஒரு தலைகீழான நியாயம் இருந்தது. திறந்த மலையில், காற்றோட்டத்தில், ஆளுக்கு ஒரு நிரையில் நிற்கிறபோது தொற்று பரவ வாய்ப்புக் குறைவு. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் முண்டியடித்து நிற்கிறபோதும், லொறியில் நெருக்கிக்கொண்டு போகிறபோதும், பிள்ளைக்காம்பராவிலும்தான் ஆபத்து அதிகம். வீட்டுக்குள்ளே அதைவிட அதிகம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிறோம். வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டு "நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தனி அறைக்கு எங்கே போவது? அந்த அறிவித்தல் ஒட்டிய வீடுகளை அயல் லயத்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. தண்ணீர்ப் பீலிக்குக்கூட விடாத இடங்கள் இருந்தன.

பிறகு 2022 வந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, மருந்துக்கு அலைச்சல். கோதுமை மா விலை ஏறி, இரண்டு ரொட்டி சாப்பிட்ட பிள்ளை ஒரு ரொட்டியோடு பாடசாலைக்குப் போன காலம். அப்படிப்பட்ட நேரத்தில் மாஸ்க் வாங்க யாரிடம் காசு இருந்தது? ஜூன் 10ஆம் திகதி, இனி வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் மாஸ்க் கட்டாயம் இல்லை என்று சுகாதார அமைச்சு அறிவித்தபோது நம்மில் பெரும்பாலானவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. சட்டம் விலகுவதற்கு முன்பே வறுமை நமது மாஸ்க்கைக் கழற்றிவிட்டிருந்தது.

வெளிநாடுகளில் இது பெரிய வாதமாக நடந்தது. இங்கிலாந்தில் 2021 ஜூலை 19ஆம் திகதி கட்டாயத்தை எடுத்தார்கள். சிலர் அதைச் சுதந்திர தினம் என்றே கொண்டாடினார்கள், சிலர் பயந்துபோய்ப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜப்பான்காரர்களின் கதை வேறு. அங்கே தண்டத்தோடு கூடிய மாஸ்க் சட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை, அரசாங்கம் கேட்டுக்கொண்டது, மக்கள் போட்டார்கள். 2023 மார்ச் 13ஆம் திகதி "இனி உங்கள் விருப்பம்" என்று சொன்ன பிறகும் ஏராளமானவர்கள் கழற்றவில்லை. 1918ஆம் ஆண்டு உலகத்தை உலுக்கிய இன்புளுவென்சாக் காலத்திலிருந்தே அவர்களுக்கு அது பழக்கம். தடிமன் பிடித்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே போவது அங்கே மரியாதை. பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள், அதுவும் மனித இயல்புதான்.

நம் பக்கம் அந்தக் கூச்சம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இப்போது யாராவது மாஸ்க் போட்டு வந்தால் "என்ன, கொரோனாவா?" என்று சிரிக்கிறார்கள். காச நோய்க்கு மருந்து எடுக்கிற ஒரு தாய், ஆஸ்பத்திரியில் போடச் சொன்ன மாஸ்க்கை லயத்துக்கு வரும் வழியிலேயே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டதாக ஒரு மாதர் தலைவி எங்களிடம் சொன்னார். நோயைவிட ஊர் வாய்க்குப் பயம். நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான், தோழர்களே. மாஸ்க் போடாதவரைத் திட்டிய காலம் ஒன்று இருந்தது. இப்போது போடுகிறவரைக் கேலி செய்கிற காலம். இரண்டு காலத்திலும் அவருக்கு என்ன கஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை.

ஏன் நாம் இப்படி இருக்கிறோம்? எங்களுக்குத் தோன்றுகிற ஒரு காரணத்தைச் சொல்கிறோம். நோய்த்தடுப்பு என்பது நமது சமூகத்துக்கு எப்போதும் மேலேயிருந்து வந்த உத்தரவாகவே இருந்திருக்கிறது. மாஸ்க்கைக் கட்டாயமாக்கிய அந்த வர்த்தமானி எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது தெரியுமா? 1897ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ். நமது பாட்டன் பூட்டன்மார் கப்பலேறுவதற்கு முன் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். உடம்பைச் சோதித்து, அம்மை குத்தித்தான் இந்தப் பக்கம் விட்டார்கள். அந்த ஏற்பாட்டில் அவர்களுடைய சுகத்தைவிட, வாந்திபேதியும் அம்மையும் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் வந்து வேலை கெட்டுவிடக் கூடாது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அப்படிப்பட்ட வழியில் வந்த மக்களுக்கு, உத்தரவு இருக்கிறவரை செய், உத்தரவு போனால் விட்டுவிடு என்ற எண்ணம் வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்றைக்கு உத்தரவு இல்லை. மாஸ்க் போடு என்று பொலிசும் சொல்வதில்லை, துரையும் சொல்வதில்லை. எங்கே போட வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்று நாமே தீர்மானிக்கலாம். சங்கத்தின் யோசனையைச் சொல்கிறோம், நீங்கள் விவாதியுங்கள்.

மலையில் தேவையில்லை. சுகமாக இருக்கிறவர் சும்மா நடமாடும்போது தேவையில்லை. தடிமன், காய்ச்சல், இருமல் இருக்கிறவர் லொறியிலோ பஸ்சிலோ ஏறும்போதும், மடுவத்திலும், பிள்ளைக்காம்பராவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் போடுவது நல்லது. நோயாளி போட்டால்தான் அவர் வாயிலிருந்து தெறிப்பது மற்றவர் மேல் படாமல் இருக்கும், அதனால் போடுகிறவரைப் பார்த்து ஒதுங்குவதில் அர்த்தமே இல்லை. அவர் உங்களைக் காப்பாற்றத்தான் போட்டிருக்கிறார். தோட்ட ஆஸ்பத்திரி வரிசையில் எல்லோருமே போடலாம். இழுப்பு வருத்தம், சீனி வருத்தம் உள்ள முதியவர்களுக்கும் அது பாதுகாப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் மாஸ்க்கோடு நிறுத்திவிடாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். காச நோய்க்கு மருந்து இலவசம், ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் குணமாகும்.

துணி மாஸ்க்கைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். கடை மாஸ்க்கை நிறம் மாறும்வரை ஒரு கிழமை போடுவதைவிடச் சும்மா இருக்கலாம்.

ஆனால் காய்ச்சல்காரர் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவதா சரி? வீட்டில் படுத்திருப்பதுதான் சரி. படுத்தால் பேர் இல்லை. வந்து கிலோ குறைந்தால் அரைப் பேர். 2021இல் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்த பிறகு கிலோவைக் கூட்டிக்கேட்டுப் பல தோட்டங்களில் அதைப் பறித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். இந்தக் கணக்கு மாறாதவரை காய்ச்சலோடு ஒரு பெண் கூடையைத் தூக்கத்தான் செய்வாள். எந்த மாஸ்க்கும் அதைத் தடுக்காது. சுகயீனத்துக்குச் சம்பளத்தோடு லீவு என்ற கோரிக்கையைச் சுகாதாரக் கோரிக்கையாகவும் நாம் வைக்க வேண்டும். தொற்றுநோயை மலையில் பரப்புவது, ஒரு நாள்கூட ஓய்வெடுக்க முடியாத இந்த நாட்கூலி முறைதான் என்று நிர்வாகத்துக்கு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

இனி ஸ்டோர் விஷயம். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை. தேயிலை சலிக்கிற இடத்திலும், தரம் பிரிக்கிற இடத்திலும், பெட்டியில் அடைக்கிற இடத்திலும் பறக்கிற தூசும் பஞ்சும் மூக்கிலும் நெஞ்சிலும் போய்த் தங்குகிறது. வருஷக்கணக்காக அங்கே வேலை செய்பவர்களுக்கு இருமலும் இழுப்பும் வருவதை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். துவாயை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்தது கொவிட்டுக்கு எவ்வளவோ முந்திய கதை. கொவிட் வந்ததால் அவர்களுக்கு மாஸ்க் கிடைத்தது, கொவிட் போனதால் மாஸ்க்கும் போய்விட்டது. கொவிட் சட்டம் எடுபட்டதற்கும் தேயிலைத் தூசுக்கும் என்ன சம்பந்தம்? உடம்புக்குக் கேடான தூசு வேலையாட்களைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்வது தொழில்கொள்வோரின் கடமை என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை யாரும் எடுக்கவில்லை. அதிலும் மாஸ்க் என்பது கடைசி ஏற்பாடுதான். முதலில் தூசை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறி ஓட வேண்டும், பழுதாகிக் கிடந்தால் திருத்த வேண்டும். அதற்கு மேல்தான் தூசைத் தடுக்கிற தரமான மாஸ்க். மெல்லிய கடை மாஸ்க் அந்தத் தூசுக்குப் போதாது.

மருந்து அடிக்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. கொவிட்டுக்குப் போட்ட துணி மாஸ்க் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். மருந்தின் ஆவி துணிக்குள்ளால் போகும், நனைந்த துணி அதை மூக்குக்குப் பக்கத்திலேயே பிடித்தும் வைத்திருக்கும். அதற்கென்று வடிகட்டி பொருத்திய முகமூடி இருக்கிறது, கையுறையும் பூட்ஸும் இருக்கின்றன. இவற்றைக் கேட்டால் "நாங்கள் கொடுத்தாலும் இவர்கள் போடுவதில்லை" என்று பதில் வரும். போட முடியாத அளவிலும் கிழிந்ததையும் கொடுத்துவிட்டுச் சொல்கிற பதில் அது. அளவு பார்த்து, புதிதாகக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

தலைவர்களிடமும் தலைவிகளிடமும் நாங்கள் கேட்பது இதுதான். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்து ஸ்டோரில் தூசு இருக்கிற இடங்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், மாஸ்க் எப்போது நின்றது, விசிறி ஓடுகிறதா என்று எழுதிக் கொண்டுவாருங்கள். மருந்து அடிக்கிறவர்களின் கணக்கு வேறாக. தோட்டம் தோட்டமாக நிர்வாகத்துக்குக் கடிதம் போகும், பிரதி தொழில் திணைக்களத்துக்குப் போகும். மாதர் தலைவிகள் பெரட்டுக்களத்திலும் மடுவத்திலும் இந்தக் கேலிப் பேச்சைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுங்கள். அந்தத் தாய்க்கு இன்னும் மருந்துக் காலம் முடியவில்லை.