கைம்முதல் சிறிதாயின்



பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தையும் உலோக ஆலையையும் நம்பிக் காஞ்சன்பாக்கில் குடியேறியவர்கள் நாம். மாதச் சம்பளம் வாங்கிப் பழகிய நமக்கு வாணிகம் என்றாலே அச்சம். அது வீண் அச்சமன்று. பணி ஓய்வு பெற்றபின், என் துணைவியார் அரைத்த பருப்புப் பொடியை விற்கப் புறப்பட்டேன். கைம்முதல் 20,000 ரூபாய். அதில் 9,000 ரூபாயைத் துண்டறிக்கைக்கும் சாலையோரப் பதாகைக்கும் செலவிட்டேன். பதாகையைப் பாராட்டாதவர் இல்லை. பொடியை வாங்கியவர்தாம் இல்லை!

என் பிழை யாதென்பதைக் கடலூரைச் சேர்ந்த ஒருவரின் வரலாறு எனக்கு உணர்த்திற்று. 1983-ஆம் ஆண்டில், குடும்பத் தொழிலினின்றும் பிரிந்த சி. கே. ரங்கநாதன் 15,000 ரூபாயுடன் ஷாம்புத் தொழில் தொடங்கினார். தந்தையார் சின்னி கிருஷ்ணனின் நினைவாக அதற்குச் 'சிக்' என்று பெயரிட்டார். சிறு உறைகளில் அடைத்து விற்கும் எண்ணமும் தந்தையார் வழி வந்ததே. ஆயினும் சீயக்காய்க்குப் பழகிய சிற்றூர் மக்கள் ஷாம்பு என்றால் தயங்கினர். பெரிய நிறுவனங்களைப் போல் விளம்பரம் செய்யப் பணம் ஏது? ஆகவே ஊரார் முன்னிலையில் ஒரு சிறுவனின் தலையைக் கழுவிக் காட்டி, மயிரைத் தொட்டுப் பார்க்கச் செய்தனர். ரஜினிகாந்த் திரைப்படங்களைத் திரையிட்டு, வந்தவர்களுக்கு உறைகளை இலவசமாக வழங்கினர்.

இவற்றினும் நுட்பமானது வேறொன்று. எந்த நிறுவனத்தின் ஷாம்பு உறையாயினும் வெற்றுறை ஐந்து கொணர்ந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றார். பின்னர், சிக் வெற்றுறைகளுக்கு மட்டுமே அச்சலுகை என மாற்றினார். எண்ணிப் பாருங்கள். வெற்றுறை கொணர்பவர் ஏற்கெனவே ஷாம்பு வாங்குபவர். அவருக்கு அப்பழக்கத்தை ஊட்டியது பிறர் செய்த விளம்பரம்! வாங்காதவர் மீது ஒரு காசும் வீணாவதில்லை. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்ததென அவரே கூறியுள்ளார். அந்நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று.

என் பொடி யாருக்கு வேண்டும் என்று அதன் பிறகே சிந்தித்தேன். பருப்புப் பொடியை ஒதுக்கிவிட்டு இட்லிப் பொடிக்கு மாறினேன். நம் குடியிருப்பருகே இட்லி மாவு விற்கும் கடைக்காரரிடம் சிறு பொட்டலங்களைத் தந்து, மாவு வாங்குவோருக்கு மட்டும் ஒன்று கொடுக்கச் சொன்னேன். பொட்டலம் ஒன்றுக்கு அடக்கவிலை 3 ரூபாய். 300 பொட்டலங்களுக்கு ஆன செலவு, பதாகைச் செலவில் பத்தில் ஒரு பங்கு. இரண்டாம் மாதம் கடைக்காரரே விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதற்சுற்றில் உப்பு மிகுந்துவிட்டது. அப்பெயரும் இலவசமாகவே பரவிற்று! அதை மாற்ற நான்கு மாதம் ஆயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் நம் சகோதரியர் நால்வர் முறுக்கும் தொக்கும் பரப்பியுள்ளனர். இசை நிகழ்ச்சி தொடங்குமுன் அங்கே செல்லுங்கள். சகோதரிகளே, முதல் முறுக்கிற்குக் காசு கேட்காதீர்கள்.