ஈலாமின் கதையை ஈலாமே சொல்லட்டும்



பழைய ஈரான் என்றதும் நம் பாடநூல்கள் பாரசீகப் பேரரசர் சைரசிலிருந்துதான் தொடங்குகின்றன. அவர் பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தென்மேற்கு ஈரானில் ஈலாம் அரசு தலையெடுத்திருந்தது. சூசாவின் சமவெளியும் அன்சான் மலைநாடும் ஓராட்சியின்கீழ் இணைந்திருந்த காலங்களில் அது ஓங்கியது. மெசபடோமியச் சமவெளியில் கிடைக்காத மரமும் கல்லும் உலோகமும் இந்த மலைவழிகளில்தான் இறங்கின. அதனால் உறவும் வந்தது, பகையும் வந்தது. கி.மு. 2004இல் ஊர் என்னும் சுமேரிய நகரை வீழ்த்தி, அதன் மன்னன் இப்பி-சின்னை ஈலாமியர் சிறைபிடித்துச் சென்றனர்.

பிற்காலத்தில் ஈலாம் மன்னன் உந்தாஷ்-நபிரிஷா சோகா ஜன்பிலில் பக்கத்துக்கு நூறு மீட்டருக்கும் மேலான அடித்தளத்தில் படிக்கட்டுக் கோபுரம் எழுப்பி, செங்கற்களில் தன் பெயரை ஈலாமிய மொழியிலேயே பொறித்தான். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் மற்றோர் ஈலாம் மன்னன் சுத்ருக்-நஹூந்தே பாபிலோனிய நகரங்களின் வெற்றிச் சின்னங்களைச் சூசாவுக்கு அள்ளி வந்தான். பாபிலோன் மன்னன் அம்முராபியின் சட்டக்கல் 1901-02 அகழாய்வில் பாபிலோனில் அல்லாமல் சூசாவில் கிடைத்தது இதனால்தான்.

வீழ்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். கி.மு. 653இல் தில்-துபா போரில் அசீரியர் ஈலாம் மன்னன் தெயும்மானின் தலையைக் கொய்தனர். அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் நால்வர் அரியணை ஏறினர். பாபிலோனியக் கிளர்ச்சிக்குத் துணைபோனதும், அரண்மனைச் சதிகளும் அரசை உள்ளிருந்தே அரித்துவிட்டிருந்தன. கி.மு. 647இல் அசீரிய மன்னன் அசூர்பானிபால் சூசாவைச் சூறையாடினான். அரச கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைக் கொண்டுபோனதாகவும், மண்ணில் உப்பைத் தூவியதாகவும் அவனே எழுதி வைத்தான். ஈலாம் அன்றோடு அழிந்ததென்று நெடுங்காலம் நாம் நம்பியதற்கு, வென்றவனின் இந்தக் கூற்றே காரணம்.

உண்மை வேறு. சைரஸ் தன் முன்னோரை அன்சான் மன்னர்கள் என்றே குறித்தான். பின்வந்த பாரசீக மன்னன் முதலாம் தாரியஸ் சூசாவில் அரண்மனை கட்டினான். பெகிஸ்தூன் பாறைக் கல்வெட்டில் ஈலாமிய மொழிக்கும் இடம் தந்தான். 1933இல் பாரசீகத் தலைநகரான பெர்செப்போலிசில் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் பெரும்பாலானவை ஈலாமிய மொழிக் கணக்குகள்: வேலையாட்களுக்கு அளந்த தானியம், பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கொடுத்த கூடுதல் படி. ஒரு பேரரசின் அன்றாட நிர்வாகத்தையே நடத்திய மொழியை மாண்ட மொழி என்று எப்படிச் சொல்வது?

தமிழ் அவையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈலாமியத்துக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவுண்டு என்று டேவிட் மெக்கால்பின் முன்வைத்த கருதுகோளை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. நம் மொழிப்பற்று அதை முடிந்த முடிபாக்கிவிடக் கூடாது. ஆதரிப்போரும் மறுப்போரும் ஈலாமியச் சான்றுகளையே முன்வைத்து இங்கே வாதிட வேண்டும் என்று வேண்டுகிறேன்.

முதல் அமர்வு பெர்செப்போலிஸ் பலகைகளைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.