குழம்பு கெட்டியாகட்டும்

"இலக்கிய மேடையில் இந்தம்மா சமையலைப் பற்றி என்னத்தைப் பேசப்போகுது" என்று முன்வரிசைப் பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காய்கறிக்கு இவ்வளவு, தாளிப்புக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு என்று ஒரு பிள்ளைக்குப் பைசாக் கணக்கில்தான் பணம் வரும். அதற்குள் சத்தும் இருக்கவேண்டும், பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிடும்படி ருசியும் இருக்கவேண்டும். அந்தத் தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன்.

டிவியைத் திறந்தால் ஓட்ஸ் சாப்பிடு, ஆலிவ் எண்ணெய் ஊற்று என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நாம் நம்ம ரேஷன் பையைப் பிரித்துப் பார்ப்போம். 2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசிக்குக் காசில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நல்ல திட்டம், இதைக் குறை சொல்பவள் இல்லை நான். ஆனால் பருப்பு மாதத்துக்கு ஒரு கிலோதான். வீட்டில் நாலு பேர் என்று வையுங்கள். ஆயிரம் கிராமை முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு 33 கிராம். ஆளுக்கு எட்டு கிராம் சொச்சம். அதில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது.

அரிசி மூட்டையில் இருக்கிறது, பருப்பு டப்பாவின் அடியில் இருக்கிறது. அப்புறம் என்ன ஆகும்? இருபதாம் தேதிக்கு மேல் சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டும். குழம்பு தண்ணியாகத் தண்ணியாக, சோறு கூடிக்கொண்டே போகும். ஒரு குண்டான் சோறு, ஒரு கரண்டி புளித்தண்ணி, ஊறுகாய். வயிறு என்னவோ நிறைந்துவிடும். ஏழை வீட்டுச் சமையலில் எனக்குத் தெரிந்த பெரிய கோளாறு இதுதான். அதனால் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன்: சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள், குழம்பைக் கெட்டியாக்குங்கள்.

எதைப் போட்டு? கொள்ளு போடுங்கள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று ஒரு பழமொழியைச் சொல்லிச் சொல்லியே அதை உடம்பு இளைக்கிறவர்களுக்கு ஒதுக்கிவிட்டோம். குதிரைத் தீனி என்று வேறு ஒரு இளப்பம். நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. துவரம்பருப்புக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைவில்லை. மானாவாரியில், மழை பொய்த்த காட்டிலும் விளையும்.

செய்முறை சொல்கிறேன், அவசரப்படாமல் கேளுங்கள். முதலில் கல் பொறுக்குங்கள். கொள்ளில் கல் இருக்கும், பல் போய்விடும். வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ராத்திரியே ஊறப் போடுங்கள். காலையில் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குக்கரில் வேகவிட்டு, வெந்த தண்ணீரைத் தனியாக வடித்து வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி, வரமிளகாய் வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்து மத்தால் கடையுங்கள். மிக்சியில் நைசாக ஓட்டிவிட்டால் ருசி போச்சு, ஒன்றிரண்டாக இருக்கவேண்டும். சுடுசோற்றில் இதைப் போட்டு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால், கறிக்குழம்பு கேட்கிற பிள்ளைகூட வாய் திறக்காது. வடித்த தண்ணீரில் புளி கரைத்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, கடைந்ததில் இரண்டு கரண்டி சேர்த்தால் ரசம். ஒரே கேஸ் செலவில் மதியத்துக்கும் ராத்திரிக்கும் ஆச்சு. ஊறப்போடாமல் வேகவைத்தால் மட்டும் கேஸ் கரையும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

சோற்றோடு பயறு சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரிசியில் லைசின் என்ற சத்து குறைவு. பயறு வகைகளில் அது நிறைய. பயறில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்வதும், பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்வதும் இந்தக் கணக்குக்குத் தோதாகத்தான் இருக்கிறது. கொள்ளு அலுத்தால் தட்டைப்பயறு இருக்கிறது, நிலக்கடலைத் துவையல் இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, முள்ளோடு மெல்லுகிற நெத்திலி. நெத்திலி முள்ளில் சுண்ணாம்புச் சத்து, எறியாதீர்கள்.

ரேஷன் புழுங்கலை விற்றுவிட்டு வெள்ளை வெளேர் என்று பச்சரிசி வாங்குகிற வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு செய்தி. நம்ம குன்னூரில் 1918-லேயே பெரிபெரி நோயை ஆராய ஒரு கூடம் தொடங்கினார்கள். இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு அதுதான் ஆதி. வைட்டமின் பி1 குறைந்தால் வருவது பெரிபெரி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலிருக்கிற அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும். நீங்கள் விற்பது எதை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீரைக்கு வருகிறேன். கொல்லையில் முருங்கை இருக்கும், உருவத்தான் ஆள் இருக்காது. காம்போடு ஒடித்துத் துணியில் சுற்றி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானே கொட்டும். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் பொறுத்தால் டீக்கடை ஓடிப்போகாது, ஐயா.

கல் பொறுக்குவது, ஊறப்போடுவது, கீரை உதறுவது என்று இவ்வளவு நேரம் சொன்ன வேலையெல்லாம் யார் தலையில்? நூறு நாள் வேலைக்குப் போய்வந்த பெண் தலையில்தான். பத்து ரூபாய் பிஸ்கட்டைப் பிரித்துப் பிள்ளை கையில் அவள் கொடுப்பது அறியாமையால் இல்லை, அசதியால். அவளுக்குப் புத்தி சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். கல் பொறுக்கிக் கொடுக்க ஒருவரும் இல்லை. செய்தி பார்த்துக்கொண்டே கல் பொறுக்கலாம் என்பதை முன்வரிசைக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக ஒரு காரியம். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே கேழ்வரகு முடியுமென்றால், இங்கே அரிசியில் இரண்டு கிலோவைக் குறைத்துக்கொண்டு ஒரு கிலோ கொள்ளு கொடுக்க ஏன் முடியாது? நம்ம காட்டுக் கொள்ளுக்கும் விலை கிடைக்கும். வருகிற கிராம சபைக்குத் தீர்மானம் எழுதி அந்த மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பக்கத்து அண்டாவில் கொள்ளு ரசம் சூடாக இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்களுக்கும் உண்டு.