நேரிற் கேட்டல்



கைப்பேசியிலேயே கச்சேரி கேட்கலாமே, மட்டாஞ்சேரியிலிருந்து குருவாயூர் வரை போவானேன் என்று நம் பிள்ளைகள் வினவுகின்றனர். கைப்பேசி பாடும், நாம் தலையசைப்பதை அறியாது. மேடையில் அமர்ந்த வித்துவானோ அவ்வசைவைக் கண்டு மேலும் ஒரு சங்கதி பாடுவார். கேட்பவனுக்கும் கச்சேரியிற் பங்குண்டு.

செம்பை வைத்தியநாத பாகவதர் குருவாயூர் ஏகாதசியிற் பாடி வந்தார். 1974இல் அவர் மறைந்த பின்னும் அவர் பெயரால் இசைவிழா அங்கே தொடர்கிறது. 1940இல் நம் அண்டையிலுள்ள போர்ட் கொச்சியிற் பிறந்த யேசுதாஸ், அவரிடம் சென்று சீடரானார். கிறித்தவ இளைஞர் என்று குரு ஒதுக்கவில்லை; நாடி வந்த ஆர்வத்தையே கண்டார்.

அயலூரில் வளரும் நம் மக்களுக்கு அவ்வார்வத்தைக் கருவி ஊட்டாது. வரும் கார்த்திகையில் அவர்களையும் உடன் அழைத்துச் செல்வோமாக.