பானையின் அடியில் யார் பெயர்?

இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு, காஞ்சிபுரம்



இந்த ஊரின் ஏகாம்பரநாதர் கோயில் மூலவர் மண் லிங்கம். கரைந்துவிடும் என்று அதன்மேல் நீர் ஊற்றுவதில்லை. மண்ணை இவ்வளவு பத்திரமாகக் காத்த சமூகம்தான் மண்ணில் உழைத்தவர்களைக் கீழே வைத்தது. நம் மக்கள் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 1947இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. பேஷ்வா ஆட்சியின் புனேயில் தீண்டப்படாதவர்கள் எச்சில் துப்புவதற்குக் கழுத்தில் மண்கலயம் கட்டி நடந்ததை 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதினார். பானை நமக்கு வெறும் கலைப்பொருள் அல்ல.

நம் தோழர்கள் சேரிகளில் கலைக்கூடம் தொடங்க ஆசைப்படுகிறார்கள். அதற்காகவே ஒரு குயவரின் கதையை இங்கே பேசுகிறோம்.

மைக்கேல் கார்டியூ ஆங்கிலேயர். 1926இல் வின்ச்கோம்ப் என்ற ஊரில் மூடிக்கிடந்த சூளையை மீண்டும் மூட்டினார். 1939இல் வென்ஃபோர்டு பிரிட்ஜில் இன்னொரு பட்டறை அமைத்தார். பிறகு கானா, அதன்பின் நைஜீரியா. அங்கே அபுஜாவில் காலனி அரசு தொடங்கிய மண்பாண்டப் பயிற்சி மையத்தை 1965 வரை நடத்தினார். சக்கரத்தில் உட்கார வேண்டிய மனிதருக்குக் கணக்கும் விறகும் சம்பளப் பட்டியலும் நாளைத் தின்றன. மையம் நடத்தும் எவருக்கும் இதுதான் கதி.

1954இல் லாடி குவாலி அங்கே சேர்ந்தார். குவாரி இனத்துப் பெண். சக்கரம் இல்லாமல், பானையைச் சுற்றிச் சுற்றி நடந்தே மண் திரிகளை அடுக்கி உயர்த்துபவர். ஊர்ப்பானை நீரைக் கசியவிட்டுக் குளிர வைக்கும். மையத்திலோ அதே வடிவத்துக்கு மெருகு பூசி, 1,250 டிகிரிக்கு மேல் சுட்டார்கள். கசிவு நின்றது. தண்ணீர்ப் பானை லண்டன் கண்காட்சிப் பொருளானது. அடுப்பும் மெருகும் சந்தையும் வெள்ளை அதிகாரியின் பொறுப்பு. கை மட்டும் குவாலியுடையது. ஆனாலும் அந்தப் பெயர் மறையவில்லை. மையத்துக்கே பின்னாளில் அவர் பெயர் சூட்டப்பட்டது. நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் அவர் இருக்கிறார்.

நம் பக்கம் திரும்புவோம். கீழடி ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் கீறப்பட்டுள்ளன. பெரும்பாலும் சுட்ட பிறகு கீறியவை என்பதால், பானையை வைத்திருந்தவர் பெயராகவே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். செய்தவர் பெயர் அன்றும் இல்லை. இந்த ஊர்ப் பட்டுச் சேலையும் கடையின் பெயரில்தான் விற்கிறது. தறிக்குழியில் கால் வைத்தவரின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். குயவர் குடியில் பிறக்காதவர்களும் அங்கே மண் பிடிக்கக் கற்றார்கள். பக்கத்து வில்லியனூரில் குயவர் குடும்பத்தில் பிறந்த வி.கே. முனுசாமி சுடுமண் சிற்பத்துக்காக 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இரண்டையும் மதிக்கிறோம். சாதித் தொழிலுக்கு மாலை போடுவது நம் வேலை அல்ல. குயவர் வீட்டுப் பிள்ளை சக்கரத்தை விட்டுக் கல்லூரிக்குப் போகவும், சேரிப் பிள்ளை விரும்பினால் சக்கரத்தில் உட்காரவும் வழி வேண்டும். பிறப்பால் திணிக்கும் வேலை தண்டனை. தேர்ந்தெடுத்துச் செய்யும் வேலைதான் கலை.

ஆகவே, கூடம் கட்டுமுன் சில கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்வோம். நிலமும் சூளையும் யார் பெயரில் இருக்கும்? வரவு செலவு நோட்டை யார் எழுதுவார், யார் பார்க்கலாம்? நிதி கொடுப்பவர் போய்விட்டால் மறுநாள் சூளையை யார் மூட்டுவார்? நிர்வாகச் சுமையை முறை வைத்துப் பகிராவிட்டால், நம்மில் நன்றாக மண் பிடிப்பவரே ரசீதுக் கட்டோடு உட்கார்ந்துவிடுவார்.

இதே செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலையார் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது, பிறர் வசையாகச் சொன்ன சொல்லையே அதன் தலைப்பில் அச்சிட்டார். 'பறையன்' என்று. தன் பெயரைத் தானே பொறிக்கும் துணிவு அது. நம் கூடத்தில் சுடப்படும் முதல் பானையைக் கவிழ்த்துப் பார்ப்போம். அதன் அடியில் செய்தவர் பெயர் இருக்கட்டும்.

ஜெய்பீம்!